யப்பானிய வணிகக் கலங்களும் அவற்றின் சிற்றுருக்களும்

பெரிய பொருளொன்றைச் சிறிதாக்கிச் செய்து, கையிலே ஏந்திக் காணும் விருப்பம் மனிதனுக்கு மிகப் பழையது. எகிப்தியர் தம் இறந்தோரின் கல்லறைகளில் மரத்தாற் செய்த சிறு படகுகளை வைத்தனர். ஐரோப்பியக் கடற்கரையூர்களில் மாலுமிகள் தேவாலயங்களுக்குச் சிறு மரக்கலங்களை நேர்ந்து தொங்கவிட்டனர். தமிழிலே பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் சிறுதேர் உருட்டுதலை ஒரு பருவமாகவே வகுத்தனர். இவ்விருப்பம் இருபதாம் நூற்றாண்டில் எடுத்த வடிவங்களுள் ஒன்று, கப்பல்களின் சிற்றுருக்களைச் சேர்த்து வைத்தலாகும். அவற்றுள்ளும் இரண்டாம் உலகப்போர்க் காலத்து யப்பானிய வணிகக் கலங்களின் சிற்றுருக்களைத் தேடிப் பெறுதலும், பெற்றவாறே வைத்துவிடாது அறுத்தும் அராவியும் ஒட்டியும் திருத்தியமைத்தலும் ஒரு தனித்துறையாக வளர்ந்துள்ளன.

புறத்தே நோக்குவார்க்கு இது பொழுதுபோக்காகவே தோன்றும். விரல் நீள உலோகத் துண்டொன்றில் ஒரு கம்பத்தை வெட்டி மற்றொரு கம்பத்தை நடுவதில் என்ன அறிவு உளது என்று வினவுதலும் இயல்பே. ஆயினும், அக்கம்பத்தை வெட்டுமுன் வெட்டுவோன் விடை காணவேண்டிய வினா ஒன்று உண்டு. இக்கலம் எந்த ஆண்டில், எந்த மாதத்தில், யாருடைய கையில் இவ்வாறு இருந்தது என்பதே அவ்வினா. அதற்கு விடை தேடுபவன் வரலாற்று மாணவனாகின்றான். இச்சிறு தொழிலின் பெருமையும் எல்லையும் அவ்வினாவிலேயே அடங்கியுள்ளன.

கொழும்பும் மாருக் கலங்களும்

யப்பானிய வணிகக் கலங்களின் பெயர்கள் பெரும்பாலும் 'மாரு' என்னும் ஈற்றைக் கொண்டு முடியும். அதனால் அவை மாருக் கலங்கள் எனவும் வழங்கப்படும். கொழும்புக்கு அவை புதியவையல்ல. நிப்பொன் யூசென் கைஷா என்னும் கப்பல் நிறுவனம் 1885 இல் நிறுவப்பட்டது. அது 1893 இற் பம்பாய்க்கும், 1896 இல் ஐரோப்பாவுக்கும் கப்பற் போக்குவரத்தைத் தொடங்கியது. யொக்கொகாமாவிலிருந்து சிங்கப்பூர், பினாங்கு வழியாக வந்து, ஏடன், சூயெசு வழியாக இலண்டன் செல்லும் அந்நிறுவனத்தின் பயணிக் கப்பல்கள் இடைத்தங்கும் துறைமுகங்களுள் கொழும்பும் ஒன்றாய் இருந்தது.

துறைமுகத்தை அடுத்துள்ள கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் ஆகிய பகுதிகளும், களனி கங்கையின் வடகரையிலுள்ள பேலியகொடையும் அத்துறைமுகத்தின் வாழ்வோடு பிணைந்தவை. கரையிறங்கிய சரக்கு கண்டிக்கும் நீர்கொழும்புக்கும் செல்லும் வழி பேலியகொடையூடாகவே சென்றது. இப்பகுதி மக்களுக்குக் கப்பல் என்பது ஏட்டிற் கண்ட பொருளன்று. அன்றாட வாழ்வின் அங்கம்.

இந்நிலை 1941 டிசம்பரில் மாறியது. 1942 ஏப்பிரில் 5 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அன்று துறைமுகத்தினுள்ளே மூழ்கியவற்றுள் 'ஹெக்டர்' என்னுங் கலமும் ஒன்று. அது முதலிற் போர்க்கப்பலாகக் கட்டப்பட்டதன்று. பிரித்தானிய நிறுவனமொன்றின் வணிகக் கப்பலாயிருந்து, பின்னர்ப் பீரங்கிகள் பூட்டப்பட்டுத் துணைப் போர்க்கப்பலாக மாற்றப்பட்டது. நான்கு நாட்களின் பின், ஏப்பிரில் 9 இல், திருகோணமலை தாக்கப்பட்டது. 'ஹேர்மிசு' என்னும் விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கியது. வணிகக் கலம் போர்க்கலமாதல் ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கன்று என்பதற்குக் கொழும்புத் துறைமுகத்திலே மூழ்கிய ஹெக்டரே சான்றாகும்.

போர்க்கருவியாய்ப் பயன்பட்ட சிற்றுரு

நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதியை மட்டும் காட்டும் கப்பற் சிற்றுருக்களை இங்கிலாந்தின் பாசெற்-லோக் நிறுவனம் முதலாம் உலகப்போருக்கு முன்பே விற்றுவந்தது. யேர்மனியில் விக்கிங் நிறுவனம் 1930 களில் அவ்வகை உருக்களைச் செய்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெருவழக்காயிருந்த அளவு ஆயிரத்திருநூற்றில் ஒன்று. அதாவது நூறடி நீளம் ஓரங்குலமாகக் குறுகும். யேர்மனியில் ஆயிரத்திருநூற்றைம்பதில் ஒன்று என்பதே அளவு.

இரண்டாம் உலகப்போர் மூண்டபோது இவை பயிற்சிக் கருவிகளாயின. விமானியும் நீர்மூழ்கித் தலைவனும் தொலைவிலே தோன்றும் கலத்தைச் சில நொடிகளில் இனங்காணவேண்டும். அதற்குப் படம் போதாது. படம் ஒரு பக்கத்தையே காட்டும். சிற்றுருவையோ எத்திசையிலும் திருப்பிப் பார்க்கலாம். அளவு ஆயிரத்திருநூற்றில் ஒன்றாயின், இரண்டரை மீற்றர் தொலைவில் மேசைமேல் வைத்த உரு, மூன்று கிலோமீற்றர் தொலைவிற் கடல்மேலுள்ள கப்பலைப்போலவே கண்ணுக்குத் தோன்றும். அது நம்மை நோக்கி எவ்வளவு சாய்ந்து வருகின்றது என்பதை மதிப்பிடப் பயிலுதலே பயிற்சியின் உயிர்நிலை. அச்சாய்வு தவறின் டோர்ப்பிடோ தவறும். அமெரிக்கக் கடற்படைக்காக இத்தகைய உருக்களை வார்த்த நிறுவனங்களுள் நியூயோர்க்கிலிருந்த கொமெற் நிறுவனமும் ஒன்று. போர் முடிந்தபின் அவ்வச்சுக்களிலிருந்து வார்த்த உருக்கள் பொதுமக்களுக்கும் விற்கப்பட்டன. இன்று சேகரிப்போர் போற்றும் பழைய உருக்கள் பல இவ்வாறு வந்தவையே.

போர்க்கப்பலை இனங்காணுதல் ஓரளவு எளிது. ஒரே வகையிற் சில கலங்களே இருக்கும். வணிகக் கலங்களோ ஆயிரக்கணக்கின, ஒன்றையொன்று ஒப்பன. ஆகவே அவற்றை வகுக்க ஒரு முறை வேண்டியிருந்தது. ஆங்கிலேயரான தல்பொட் பூத் என்பாரின் பெயரால் அறியப்படும் முறை இதற்குப் பெரிதும் பயன்பட்டது. முன்புறத்திலிருந்து பின்புறம்வரை மேற்றட்டில் நிமிர்ந்து நிற்பவற்றை வரிசையாகக் குறித்துக்கொள்வதே அம்முறை. கொடிமரம், சரக்கேற்றும் பளுதூக்கிகளைத் தாங்குந் தூண், புகைபோக்கி ஆகிய மூன்றுமே அதன் எழுத்துக்கள். கொடிமரம்–தூண்–புகைபோக்கி–தூண்–கொடிமரம் என்று ஒரு கலம் அமைந்தால், அவ்வரிசையே அதன் அடையாளம். எழுத்துக்களின் ஒழுங்கினாற் சொல் வேறுபடுவதுபோல, இவற்றின் ஒழுங்கினாற் கப்பல் வேறுபடும். அமெரிக்கக் கடற்படையின் உளவுப் பிரிவு யப்பானிய வணிகக் கலங்களைப் பற்றிப் போர்க்காலத்தில் வெளியிட்ட கையேடும் இத்தகைய அடையாளங்களைக் கொண்டே கலங்களைத் தொகுத்தது. அக்கையேடு இன்று சிற்றுரு செய்வோரின் முதனூலாக விளங்குகின்றது.

ஆயின் முதனூலையும் ஐயுற்றே கற்றல் வேண்டும். அதன் ஒளிப்படங்கள் பெரும்பாலும் போருக்கு முன்னர் எடுக்கப்பட்டவை. போர்க்காலத்தில் யப்பானியர் பல கலங்களின் கொடிமரங்களைக் குறுக்கினர், மேற்கட்டுக்களை மாற்றினர். இதன் விளைவை ஒரு கணக்கினால் விளக்கலாம். நீர்மூழ்கித் தலைவன் கொடிமரத்தின் உயரத்தையும் அது கண்ணில் அடக்கும் கோணத்தையும் கொண்டே தொலைவை அளப்பான். கையேட்டின்படி ஒரு கலத்தின் கொடிமரம் 30 மீற்றர் எனவும், அது பின்னர் 24 மீற்றராகக் குறுக்கப்பட்டது எனவும் கொள்வோம். கலம் 1,200 மீற்றர் தொலைவில் நிற்பினும், பழைய உயரத்தைக் கொண்டு கணிப்பவனுக்கு அது 1,500 மீற்றர் தொலைவினதாகவே தோன்றும். ஆறு மீற்றர் மரத்துண்டு முந்நூறு மீற்றர்ப் பிழையை விளைவிக்கும். சிற்றுருவில் ஒரு கம்பத்தை ஐந்து மில்லிமீற்றர் குறைத்தல் இதுவே. அன்று உயிர்நாடியாய் இருந்த நுணுக்கம் இன்று அராவுதொழிலின் நுணுக்கமாய் எஞ்சியுள்ளது.

ஒரு கலம், பல வடிவம்

யப்பானிய வணிகக் கலங்களின் உருக்களைத் திருத்தவேண்டிய தேவை மிகுதியாய் இருப்பதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, அவை குறைவாகவே செய்யப்பட்டன. வாங்குவோர் பெரும் போர்க்கப்பல்களையே விரும்பினர். யப்பானில் 1971 இல் தமியா, ஹசெகாவா, அவோஷிமா, புஜிமி ஆகிய நான்கு நிறுவனங்கள் கூடி எழுநூற்றில் ஒன்று என்னும் அளவிற் பிளாஸ்டிக் கப்பல் உருக்களை வெளியிடத் தொடங்கின. அத்தொடரின் நோக்கமும் கடற்படைக் கப்பல்களே. சரக்குக் கலங்கள் பின்னரே, அதுவும் அருகியே வந்தன. ஆகவே ஒரு கலத்தின் உருவை வேண்டுவோன், அதனை ஒத்த மற்றொன்றை வாங்கித் திருத்துதலன்றி வேறு வழி பெரும்பாலும் இல்லை.

இரண்டாவது காரணம் ஆழமானது. அக்கலங்களே தம் வாழ்நாளில் மாறிக்கொண்டிருந்தன. 1937 இல் யப்பானிய அரசு விரைவுமிக்க பெருங்கலங்களைக் கட்டுதற்கு மானியம் வழங்கத் தொடங்கியது. போர் வரின் அவை கடற்படைக்கு உதவவேண்டும் என்பதே அதன் உட்கருத்து. ஐரோப்பிய வழியிற் செல்லவென நிப்பொன் யூசென் கைஷா கட்டுவித்த நித்தா மாரு, யவாத்தா மாரு, கசுகா மாரு ஆகிய மூன்று சோதரக் கலங்களும் அவ்வழியிற் பணி செய்யவேயில்லை. மூன்றும் விமானந்தாங்கிகளாக மாற்றப்பட்டன; மூன்றும் 1943 இலும் 1944 இலும் அமெரிக்க நீர்மூழ்கிகளால் மூழ்கடிக்கப்பட்டன. போர் வராதிருப்பின் அவை கொழும்பு வழியே சென்றிருக்கக்கூடிய கலங்கள்.

ஹிகாவா மாரு, ஹியெ மாரு, ஹெயன் மாரு என்னும் மற்றொரு மூவர் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றும் 1930 இல் பசிபிக் கடல் கடந்து சியாற்றில் நகருக்குச் செல்லும் பணியில் இறங்கியவை. போரில் ஹிகாவா மாரு மருத்துவக் கப்பலாகியது. வெண்ணிற உடலில் பச்சைக் கோடும் செஞ்சிலுவையும் தீட்டப்பட்டன. மற்றை இரண்டும் நீர்மூழ்கிகளுக்குத் தாய்க்கலங்களாயின. ஹியெ மாரு 1943 நவம்பரில் நீர்மூழ்கியாலும், ஹெயன் மாரு 1944 பெப்ரவரியில் விமானத் தாக்குதலாலும் அழிந்தன. ஹிகாவா மாரு மட்டும் எஞ்சி, 1953 இல் மீண்டும் சியாற்றில் பணிக்குத் திரும்பி, 1960 இல் ஓய்வுபெற்றது. 1961 முதல் யொக்கொகாமாத் துறையிற் கட்டப்பட்டு, இன்று காட்சிச்சாலையாக நிற்கின்றது. அதன் நீளம் 163 மீற்றர். ஆயிரத்திருநூற்றில் ஒன்றாக்கின் ஏறத்தாழ 13.6 சென்றிமீற்றர். ஒரே வார்ப்பிலிருந்து மூன்று சோதரக் கலங்களையும் செய்யலாம் என்று எண்ணுதல் எளிது. ஆயின் எந்தக் காலத்துக் கலம் என்று கேட்டவுடன், மூன்று கலங்களும் ஏழெட்டு உருக்களாய்ப் பெருகிவிடும்.

ஹவுராக்கி ஹோக்கி மாரு ஆன வரலாறு

கொழும்போடு நேரே தொடர்புடைய கலமொன்றின் வரலாறு இக்கருத்தை நன்கு விளக்கும். ஹவுராக்கி என்பது நியூசிலாந்தின் யூனியன் நீராவிக்கப்பல் நிறுவனத்துக்காக ஸ்கொத்லாந்திலே தம்பார்ட்டன் நகரில் டெனி நிறுவனம் 1922 இற் கட்டிய மோட்டர்க் கப்பல். ஏறத்தாழ 7,100 தொன் கொள்ளளவுடையது. 1942 யூலையில் அது அவுஸ்திரேலியாவின் பிரிமான்டிலிலிருந்து கொழும்பை நோக்கிப் புறப்பட்டது. கொழும்பை அடையவில்லை. யூலை 12 ஆம் நாள் இந்துசமுத்திரத்தில் ஹோகொக்கு மாரு, ஐக்கொக்கு மாரு என்னும் இரு யப்பானியக் கலங்கள் அதனை மறித்துக் கைப்பற்றின.

கைப்பற்றியவையும் வணிகக் கலங்களே. ஒசாக்கா ஷோசென் கைஷா நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட, பத்தாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட விரைவுக் கலங்கள். 1941 இற் கடற்படை அவற்றை எடுத்து, பீரங்கி மேடைகளும் டோர்ப்பிடோக் குழாய்களும் கடல்விமானமும் பூட்டி, வணிகக் கலங்களை வேட்டையாடும் துணைப் போர்க்கப்பல்களாக்கியது. அவை 1942 மே மாதத்தில் 'ஜெனோத்தா' என்னும் டச்சு எண்ணெய்க் கப்பலையும் இவ்வாறே கைப்பற்றியிருந்தன.

1942 நவம்பர் 11 இல் அவ்விரு கலங்களும் கொக்கோசுத் தீவுகளுக்குத் தென்மேற்கே 'ஒண்டினா' என்னும் டச்சு எண்ணெய்க் கப்பலைக் கண்டன. அதற்குக் காவலாக வந்தது 'பெங்கால்' என்னும் இந்தியக் கடற்படையின் சிறு கலம். இருபுற வலியையும் ஒப்பிடின், போட்டியே இல்லை எனலாம். ஆயினும் பெங்கால் பெருங்கலங்களை எதிர்த்து முன்னேறியது; ஒண்டினாவும் தன்னிடமிருந்த ஒரே பீரங்கியாற் சுட்டது. குண்டொன்று ஹோகொக்கு மாருவின் டோர்ப்பிடோக் குழாய்களிற் பட்டுத் தீமூண்டது. தீ வெடிமருந்தைப் பற்ற, கலம் வெடித்து மூழ்கியது. அது யாருடைய குண்டு என்பதிற் கருத்து வேறுபாடு உண்டு. ஒன்றுமட்டும் தெளிவு. வணிகக் கலத்தைப் போர்க்கலமாக்க மேற்றட்டிலே எதைப் பூட்டினார்களோ, அதுவே அதன் அழிவுக்கு வாயிலாயிற்று. கவசமில்லாத உடலிற் போர்க்கருவி பூட்டிய பிழை அது. ஹோகொக்கு மாருவின் உருவைத் திருத்துவோன் கடைசியாக ஒட்டும் சிறு குழாய்த் தொகுதி, அக்கலத்தின் விதியையே குறிக்கின்றது.

ஹவுராக்கியின் கதை பின்னுந் தொடர்ந்தது. யப்பானியர் அதற்கு ஹோக்கி மாரு எனப் பெயரிட்டுத் தம் பணியிற் சேர்த்தனர். 1944 பெப்ரவரி 17, 18 ஆம் நாட்களில் அமெரிக்க விமானங்கள் பசிபிக்கிலுள்ள திரூக் காயலை, அதாவது இன்றைய சூக்கை, தாக்கின. அங்கு மூழ்கிய பல கலங்களுள் ஹோக்கி மாருவும் ஒன்று. அதனைக் கைப்பற்றிய ஐக்கொக்கு மாருவும் ஒன்று. மேலே கூறிய ஹெயன் மாருவும் ஒன்று. சிறைபிடித்த கலமும் சிறைப்பட்ட கலமும் ஒரே காயலின் அடியில் இன்றும் கிடக்கின்றன. ஹோக்கி மாருவின் சரக்கறையில் லொறிகளும் மண்வாரி இயந்திரங்களும் கிடப்பதை நீரில் மூழ்கி ஆய்வோர் கண்டுள்ளனர்.

திருத்தும் முறை

ஹோக்கி மாருவின் சிற்றுருவைச் செய்ய விழைவோன் யப்பானியக் கலமொன்றின் வார்ப்பைத் தேடுதல் தவறு. 1920 களிற் பிரித்தானியாவிற் கட்டிய சரக்குக் கலமொன்றின் வார்ப்பே அதற்கு ஏற்ற மூலப்பொருள். பெயர் யப்பானியமாயினும் பிறப்பு ஸ்கொத்லாந்து என்பதை உரு தானே சொல்லுதல் வேண்டும். அடுத்து, காலத்தைத் தெரிதல் வேண்டும். அமைதிக்காலத்துப் பச்சை உடலும் செந்நிறப் புகைபோக்கியுங் கொண்ட ஹவுராக்கியா? பிடிபட்டபின் யப்பானியப் பணியிலிருந்த கலமா? இரண்டையுங் கலத்தல் ஆகாது.

பின்னரே கைத்தொழில் தொடங்கும். பழைய உருக்கள் வெள்ளீயமும் ஈயமும் அந்திமனியும் கலந்த மென்மையான உலோகத்தால் ஆனவை. நுண்வாளால் அறுத்து, சிற்றரத்தால் அராவி, பித்தளைக் கம்பியாற் கொடிமரமும், மெல்லிய தகட்டாற் பீரங்கி மேடையும் அமைக்கலாம். உருகுநிலை குறைந்ததாகையாற் பற்றாசு வைத்தல் இடர் மிகுந்தது. கைதவறின் கலமே உருகும். பசையே பாதுகாப்பானது. ஈயத்தூள் நஞ்சாதலால், அராவும்போது நீர் தொட்டு அராவுதலும், வேலை முடிந்ததும் கைகழுவுதலும் இன்றியமையாதவை. அண்மைக்காலத்தில் அமிலத்தால் அரித்தெடுத்த நுண்தகடுகளும், முப்பரிமாண அச்சில் வார்த்த உறுப்புக்களும் கிடைப்பதால் வேலை எளிதாகியுள்ளது. ஆயின் எதை ஒட்டவேண்டும் என்பதை எந்த இயந்திரமும் சொல்லாது.

அளவை மறத்தல் பெரும்பிழை. ஆயிரத்திருநூற்றில் ஒன்றில், ஒரு மில்லிமீற்றர் ஒரு மீற்றருக்குச் சற்று மேலாகும். இரண்டு மீற்றர் உயரமுள்ள கதவு இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைந்தது. மேற்றட்டில் நிற்கும் மாலுமி ஒரு கடுகின் உயரத்துக்கு மேற்படான். தடித்த கம்பியாற் செய்த கைப்பிடிக் கிராதி, உண்மையில் மரத்தூண் பருமனுள்ள கிராதியாகிவிடும். காட்டமுடியாததை விட்டுவிடுதலே இவ்வளவிற் சிறந்த நேர்மை. நிறத்துக்கும் இவ்விதி பொருந்தும். தொலைவிலுள்ள பொருளின் நிறம் வெளிறித் தோன்றுமாதலால், கப்பலிற் பூசிய சாம்பல்நிறத்தை அவ்வாறே பூசாது சிறிது வெளிற்றிப் பூசுவர்.

செய்ததைப் பேணுதலும் ஒரு கலையே. ஈயம் மிகுந்த உருக்களைச் சில மரப்பெட்டிகளுள், சிறப்பாக ஓக்கு மரப்பெட்டிகளுள் அடைத்து வைத்தால், மரத்திலிருந்து எழும் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக்கிவிடும். நாகக் கலப்புலோகத்தாற் செய்த பழைய யேர்மானிய உருக்களுக்கு வேறொரு நோய் உண்டு. உலோகத்தில் மாசாகக் கலந்த சிறிதளவு ஈயத்தின் காரணமாக அவை உள்ளிருந்தே வெடித்து உதிரும். ஈரக்காற்று அந்நோயை விரைவுபடுத்தும். கடற்காற்று வீசும் கொழும்பு போன்ற நகரில் உலர்ந்த கண்ணாடிப் பெட்டியும், ஈரமுறிஞ்சும் பொருளும் இல்லாமல் இத்தகைய உருக்களைக் காத்தல் அரிது.

சிற்றுரு காட்டாதவை

இவ்வளவு நுட்பம் வாய்ந்த சிற்றுருவுக்கும் ஓர் எல்லை உண்டு. அது நீர்மட்டத்தோடு அறுபட்டது, கீழே ஒன்றுமில்லை. போர்க்காலத்து இனங்காண் கையேடும் அவ்வாறே. கலத்தின் நீளம், தொன், விரைவு, கொடிமர உயரம் எல்லாம் சொல்லும். சரக்கறையில் யார் இருக்கின்றனர் என்பதைச் சொல்லாது.

1943 சனவரி 26 இல் அமெரிக்க நீர்மூழ்கியான 'வாஹூ' நியூகினிக்கு வடக்கே பூயோ மாரு என்னும் படையேற்றிக் கலத்தை மூழ்கடித்தது. அதில் யப்பானிய வீரரோடு, சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட பஞ்சாப் படைப்பிரிவைச் சேர்ந்த ஏறத்தாழ 490 இந்தியப் போர்க்கைதிகளும் இருந்தனர். அவர்களுள் 195 பேர் இறந்தனர். நீர்மூழ்கியின் கண்ணுக்கு அது ஒரு மாருக் கலமே. கொடிமரமும் தூணும் புகைபோக்கியும் வரிசையாய்த் தெரிந்தன. சரக்கறையிலே அடைபட்டிருந்தோர் தெரிந்திலர். இத்தகைய படையேற்றிக் கலங்களில், உள்ளே இருந்தோரின் எண்ணிக்கைக்கு இடம் போதாமையால், மேற்றட்டின் ஓரத்தே மரக் கழிப்பறைகள் தற்காலிகமாகக் கட்டப்பட்டன. திருத்துவோர் சிலர் அவற்றையும் சிறு அட்டைத் துண்டுகளால் அமைப்பர். மனிதர் உள்ளே திணிக்கப்பட்டிருந்தனர் என்பதற்குப் புறத்தே தெரிந்த ஒரே அடையாளம் அதுவாகும்.

யப்பானிய மாலுமிகளின் துன்பமும் சிறிதன்று. போர் தொடங்கியபோது அந்நாட்டிடம் இருந்த வணிகக் கலங்கள் சுமார் 60 இலட்சம் தொன். போர்க்காலத்திற் கட்டியும் கைப்பற்றியும் சேர்த்தது சுமார் 41 இலட்சம் தொன். மூழ்கியும் சிதைந்தும் இழந்ததோ சுமார் 89 இலட்சம் தொன். இறுதி ஆண்டுகளில் விரைவிற் கட்டவேண்டி, அடித்தளத்தின் இரட்டைத் தகட்டையும் நீக்கிவிட்டுக் கலங்களைக் கட்டினர். அக்கலங்களை ஓட்டியோர் போர்வீரரல்லர், சம்பளத்துக்குக் கடலோடியோர். அவர்களுள் 60,000 இற்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுக்கு யொக்கொசுக்காவின் கன்னொன்சாக்கி முனையில் 1971 இல் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. கோபே நகரில் 2000 ஆம் ஆண்டில் மாலுமிகளின் சங்கத்தினர் அமைத்த சிறு காட்சிச்சாலையில், மூழ்கிய கலங்களின் ஒளிப்படங்கள் சுவர் முழுதும் தொங்குகின்றன. அங்கு வருவோர் தேடுவது கப்பலின் அழகையன்று. தந்தையோ தமையனோ ஏறிய கலத்தின் முகத்தை.

சிற்றுரு சேர்ப்போன் இதனை மறந்தால், அவன் பெட்டியில் இருப்பன விளையாட்டுப் பொருள்களே. மறவானாயின், ஒவ்வோர் உருவின் அடியிலும் கலத்தின் பெயரோடு ஆண்டையும் மாதத்தையும் எழுதி வைப்பான். கட்டியவர், ஓட்டியவர், சென்றோர், மூழ்கிய இடம் ஆகியவற்றைக் குறிப்பேட்டிற் பதிவான். எது சான்றினால் உறுதியானது, எது ஊகம் என்பதையும் பிரித்துக் காட்டுவான். நீர்மட்டத்துக்குக் கீழே உருவிற் காட்டமுடியாததைக் குறிப்பேடு காட்டும். அறிவுடைச் சேகரிப்புக்கும் வெறும் பொருட்குவிப்புக்கும் வேறுபாடு இதுவே.

இலங்கைத் தமிழருக்கு இம்முறையிற் செய்துகொள்ளவேண்டிய பணி நிரம்ப உண்டு. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் ரொபின்சன் வாங்கினார். 'புளொரன்சு சி. ரொபின்சன்' என்னும் புதுப்பெயருடன் அது கடல்கள் கடந்து 1938 இல் மசச்சூசெற்சின் குளொசெஸ்ரர்த் துறையை அடைந்தது. அன்னபூரணி விலைகொடுத்து வாங்கப்பட்டது. ஹவுராக்கி வலிந்து பற்றப்பட்டது. ஆயினும் இரு கலங்களும் பெயர் மாறியும் தம்மைக் கட்டிய தச்சரின் கைவண்ணத்தை உடலிற் சுமந்து சென்றன. களனி கங்கையிலும் நீர்கொழும்புக் கால்வாயிலும் ஒருகாலத்திற் சரக்கேற்றிச் சென்ற கூரைத் தோணிகளும், யாழ்ப்பாணத்துக் கரையில் நின்ற தோணிகளும் அவ்வாறே உருவிற் காக்கத்தக்கவை. அவற்றின் நீளத்தையும் கொடிமரத்தையும் அளந்து வைத்தோர் அருகிவருகின்றனர். மாருக் கலங்களுக்கு அவற்றின் பகைவரேனும் கையேடு எழுதி வைத்தனர். வல்வெட்டித்துறைத் தோணிக்கும் களனித் தோணிக்கும் அதனை எழுதவேண்டியவர் அவ்வூர்களின் மக்களேயாவர்.